கள்ளப் புத்தகம்

சாருஜாவுக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது. கட்டட உரிமையாளர் ஸவாஹிர் ஹாஜியார் அந்தக் கடிதத்தை நான்காக மடித்தபடியே கடை மேசையில் வைத்து, "மகள், நீங்களே வாசிச்சிப் பாருங்க, எனக்கு வாயால செல்ல ஏலா," என்றபோதும் அவள் அதை நிதானமாக விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் தடவி நேராக்கி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தாள்.

மொட்டைக் கடிதம். கணினியில் தட்டிய இரண்டு பக்கம். 'கடல்முகம் புத்தகக் கடை'யில் ஞாயிறுதோறும் கூட்டம் கூடுகிறதாம். வாசிப்பு வட்டம் என்ற பெயரில் குடியிருப்பாளரைத் தூண்டிவிடுகிறார்களாம். கடை நடத்துகிறவள் முப்பத்தொரு வயதாகியும் கலியாணம் கட்டாதவள். அங்கே யார் யார் எதற்காக வந்து போகிறார்கள் என்பதைக் கட்டட உரிமையாளர் விசாரித்துக்கொள்வது நல்லதாம். அதற்குக் கீழே, இளைஞரைக் கெடுக்கும் பத்து மொழிபெயர்ப்பு நூல்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குற்றச்சாட்டு. 'இவை யாவற்றையும் முழுமையாக வாசித்த பின்னரே இதனை எழுதுகிறேன்.' கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'நலன்விரும்பி'.

"நான் இதெல்லாம் நம்பல்ல மகள்," என்றார் ஹாஜியார். அவர் தெஹிவளையில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தார், வேர்வை காயவில்லை. "ஆனா பில்டிங் என்ட பேர்ல இரிக்கி. நாளைக்கி பொலிஸ் வந்தா என்னயத்தான் கூப்புடுவாங்க. ஞாயித்துக்கெழமக் கூட்டத்த நிப்பாட்டுங்க. டிசம்பர்ல லீஸும் முடியிதுதானே. வேற எடம் ஒண்டு பாத்துக்கோங்க."

"ஆறு வருஷம் ஹாஜியார்."

"தெரியும் மகள்." அவர் அவளைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்துச் சொன்னார்.

ஆறு வருடத்தில் அந்தக் கடை புத்தகம் விற்றதைவிட வேறு வேலைகள் செய்ததுதான் அதிகம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஐந்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். லிஃப்டில் இருந்து வெளியே வந்தால் எதிரே கடையின் கண்ணாடிக் கதவு. எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் ஒழுங்கைச் சனத்துக்கு இலக்கம் எழுதிக் கொடுத்தது அந்தக் கதவடியில்தான். சிங்களத்தில் வரும் படிவங்களை நிரப்பித் தருவது, இரத்தம் தேவை என்றால் யாருக்கு எந்த வகை என்று தேடிப் பிடிப்பது, காணாமல்போன பூனைக்கு நோட்டீஸ் ஒட்டுவது எல்லாம் அங்கேதான். ஞாயிறு காலை பத்து மணிக்கு இருபது பேர் வட்டமாக இருந்து, பனி பெய்யும் நாட்டுக் கதை ஒன்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள். பதினொன்றரைக்குக் கதை ஒழுங்கை வாய்க்காலுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

கடைசி ஐந்து கிழமையாக அது லிஃப்டுக்கு வந்து நின்றிருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. சாருஜாவின் அம்மா இரத்தினம்மா நாலாம் மாடியில். முழங்கால் இரண்டும் மடங்காது. அவர் வெயில் பார்த்தே முப்பத்தெட்டு நாள். அது எப்படித் துல்லியமாகத் தெரியும் என்றால், சாருஜா ஒவ்வொரு காலையும் கடைக் கரும்பலகையின் மூலையில் சோக்கால் எழுதிக்கொண்டிருந்தாள்: 'லிஃப்ட் நின்று 36 நாள்.' '37.' '38.' கட்டட நிர்வாகக் குழுவின் தலைவர் சவுந்தரநாயகம் முதலாம் மாடிக்காரர். அவருக்கு லிஃப்ட் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு முறை படியிறங்கி வரும்போதும் அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஹாஜியார் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவள் அதற்குள் அதைப் போனில் படம் பிடித்திருந்தாள். மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் பட்டியலைத் திரும்ப வாசித்தாள். ஏழாவது பெயரில் விரல் நின்றது.

'உப்புத் தபால்காரன் – இல்மார் வோஸ்கா. அரச தபால் சேவையை இழிவுபடுத்தி, அரச ஊழியர் மீது அவநம்பிக்கையை விதைக்கும் நூல்.'

அப்படி ஒரு புத்தகம் உலகத்தில் இல்லை.

அது கடையின் விளையாட்டு. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி கரும்பலகையில் பத்து மொழிபெயர்ப்பு நாவல்களின் பெயரும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக் கதையும் எழுதுவாள். ஒன்பது உண்மை. ஒன்று அவளே கட்டியது. கள்ளப் புத்தகம். மாதக் கடைசி ஞாயிறு அது எது என்று சரியாகச் சொன்னவருக்கு ஒரு மீன் ரோல்ஸும் பிளேன்டீயும். இந்த விதி பலகையில் எழுதியிருக்காது. கடைக்குள் வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்கிறவர்களுக்குத்தான் தெரியவரும். கேட்டு ஏமாந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். தாங்கள் பெற்ற இன்பம் அடுத்தவரும் பெறட்டும் என்று வாயை மூடிக்கொள்வார்கள். சாருஜாவுக்கு மாதத்தில் ஆகப் பிடித்த நேரம் அந்தப் பொய்யைக் கட்டும் நேரம்தான். கடல்பக்கம் ரயில் போய் முடிய, இல்லாத ஊர் ஒன்றில் இல்லாத ஆள் ஒருவரை நடக்கவிட்டுப் பார்ப்பாள். போன மாதம் எழுதியது இது: 'உறைந்த கடலைத் தாண்டி உப்புத் தீவுகளுக்குக் கடிதம் கொண்டுபோகும் ஒருவன். ஒரேயொரு கடிதத்தை மட்டும் இருபது வருடமாகக் கொடுக்காமல் வைத்திருக்கிறான்.'

பட்டியலில் இருந்த பத்தும் போன மாதப் பலகையின் பத்து. அதே ஒழுங்கு. எழுதியவர் கடைக்குள் வந்து புத்தகம் கேட்காதவர். பலகையை மட்டும் பார்த்தவர். போன மாதம் ஒரே ஒருவர்தான் கதவுக்கு வெளியே நின்று கரும்பலகையைப் படம் பிடித்தார். "ரொறன்ரோவில மகள் இருக்கிறா. அவவுக்கு அனுப்பத்தான் பிள்ளை," என்று சொல்லியும் விட்டுப் போனார்.

சவுந்தரநாயகம் அங்கிள்.

அன்றைக்கு மேலே போனபோது இரத்தினம்மா கட்டிலில் இருந்தார். ஹாஜியாரிடம் கேட்டறிந்த யாரோ படியேறி வந்து கடிதத்தில் இருந்ததைச் சொல்லிவிட்டிருந்தார்கள். "கலியாணம் கட்டாதது ஒரு குற்றமோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாருஜா அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் திட்டம் வடிவாக உருண்டு வந்தது.

நாலு நாள் கழித்து முதலாம் மாடிக் கதவைத் தட்டினாள். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் வாங்கிய பொன்னாடைகள் நிறவாரியாக மடித்து அடுக்கியிருந்தன. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர்; கொழும்பில் எந்த நூல் வெளியீட்டுக்கும் தலைமை தாங்கக்கூடியவர்.

"அங்கிள், கடை டிசம்பரோட முடியுது. கடைசியா ஒரு கூட்டம் வைப்பம் எண்டு யோசிக்கிறன். உங்கட தலைமையெண்டால்தான் ஹாஜியார் விடுவார்."

"அப்பிடியோ. கவலைதான் பிள்ளை." முகத்தில் கவலை இல்லை. "என்ன கூட்டம்?"

"ஒரு புத்தகத்தைப் பற்றி நீங்கள் சிறப்புரை. உப்புத் தபால்காரன். நீங்கள் வாசிச்சிருப்பியள்."

ஒரு நொடி. அவ்வளவுதான் எடுத்தது.

"அது எப்பவோ வாசிச்சது. இங்கிலீஷில. ஒரு கொப்பி இருந்தால் திருப்பி ஒருக்காப் புரட்டிப் பார்க்கலாம்."

"கடைசிக் கொப்பி போன கிழமைதான் வித்தனான் அங்கிள். உங்களுக்கு எதுக்குக் கொப்பி?"

"அதுவும் சரிதான்," என்றார் சவுந்தரநாயகம்.

போன மாதம் கள்ளப் புத்தகத்தைக் கண்டுபிடித்து ரோல்ஸ் வென்றவர் மூன்றாம் மாடி றலியா டீச்சர். முப்பது வருடம் வகுப்பறையில் பொய் கேட்டுப் பழகியவர். சாருஜா முதலில் அவரிடம்தான் போனாள். டீச்சர் கடிதத்தின் படத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தார்.

"வெளங்குது. எங்கள என்ன செய்யச் செல்ற?"

"வாங்கோ, இருங்கோ, கேளுங்கோ. ஒருத்தரும் சிரிக்கக்கூடாது. அவர் முடிக்கும்வரை ஒரு சொண்டும் அசையக்கூடாது."

"சிரிச்சா அவருக்கு லேசாப் போயிரும், பகிடி எண்டு தப்பிருவார்," என்று டீச்சர் தலையாட்டினார். "சரி. எல்லாருக்கும் நான் செல்றேன். ஹாஜியாருக்கும் செல்லவா?"

"வேண்டாம். அவர் ஒண்டும் தெரியாமல் கேக்கட்டும்."

ஞாயிறு காலை பத்து மணிக்கு நாற்பது கதிரையும் நிறைந்துவிட்டது. கரும்பலகை மூலையில் 'லிஃப்ட் நின்று 52 நாள்.' ஐந்தாம் மாடிக்காரர்கூடப் படியிறங்கி வந்திருந்தார்கள். ஹாஜியார் முன்வரிசை. றலியா டீச்சர் பொன்னாடையை எடுத்துக் கொடுக்க, ஹாஜியார் அதைச் சவுந்தரநாயகத்தின் தோளில் போர்த்தினார். கைதட்டல் நன்றாக இருந்தது.

"இந்த நாவலை நான் எழுபத்தெட்டாம் ஆண்டு வாசிச்சனான்," என்று தொடங்கினார். "இப்ப நீங்கள் இண்டர்நெட்டில தேடினாலும் கிடைக்காது. அவ்வளவு அரிய நூல்."

முன்வரிசையில் ஒருவர் இருமினார். டீச்சர் திரும்பிப் பார்த்தார், இருமல் நின்றது.

சவுந்தரநாயகம் பேசினார். இல்மார் வோஸ்காவின் வறிய பிள்ளைப்பருவம், அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய உலகப் பரிசு, அது கிடைக்காமல் போனதன் அரசியல். நாற்பது முகமும் பாடம் கேட்கும் பிள்ளைகள்போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கவனம் அவரை இன்னும் இன்னும் உள்ளே இழுத்தது. சாருஜா கடைசி வரிசையில் நின்று ஒவ்வொரு சொல்லையும் மிட்டாய்போலச் சப்பினாள்.

அப்போதுதான் ஒரு சங்கடம் நடந்தது.

"அவன் ஏன் அந்தக் கடிதத்தைக் குடுக்கேல்லை?" என்று கேட்டார் அவர். குரல் திடீரென்று மேடைக்குரல் இல்லாமல் போயிற்று. "அந்த வீட்டில ஒரு மனுசி. ஒவ்வொரு நாளும் வாசலில வந்து நிண்டு, எனக்கு ஒண்டும் வரேல்லையோ எண்டு கேப்பா. கடிதத்தைக் குடுத்தால் அடுத்த நாள் அவ வந்து நிக்கமாட்டா. அந்தத் தீவில வேற ஒருத்தரும் அவனுக்காக வாசலில நிக்கிறதில்லை. அதுதான்."

சாருஜா அதை எழுதும்போது காரணம் யோசித்திருக்கவில்லை. இரண்டு வரியோடு விட்டுவிட்டாள். இப்போது அவளுக்கு அந்தப் புத்தகத்தை வாசிக்க வேண்டும்போல இருந்தது. மனைவி செத்து, மகள் ரொறன்ரோவில் இருக்கும் ஒரு மனிதன் முதலாம் மாடியில் கதவு தட்டும் சத்தத்துக்கு எப்படிக் காது கொடுப்பான் என்று ஒரு கணம் தெரிந்தது. நன்றியுரையை வெறும் நன்றியோடு முடித்தால் என்ன என்றுகூட நினைத்தாள்.

"ஆனால்," சவுந்தரநாயகம் தண்ணீர் குடித்துவிட்டுப் பழைய குரலுக்கு வந்தார், "இதில ஒரு ஆபத்தும் இருக்கு. இது அரச தபால் சேவையை இழிவுபடுத்தி, அரச ஊழியர் மீது அவநம்பிக்கையை விதைக்கும் நூல். இப்பிடியான புத்தகங்களைப் பிள்ளையளுக்கு முன்னால வைக்கிறதுக்கு ஒரு பொறுப்பு வேணும்."

ஹாஜியாரின் கை சட்டைப் பைக்குப் போனது. கடிதத்தை எடுத்து விரித்தார். கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கினார்.

சாருஜாவின் இரக்கம் அத்தோடு முடிந்தது.

நன்றியுரைக்கு வந்தபோது அவள் காகிதம் கொண்டு வரவில்லை.

"தலைவர் அங்கிளுக்கு நன்றி. முப்பத்தைஞ்சு நிமிஷம் கதைச்சவர். உப்புத் தபால்காரன் எண்ட புத்தகம் உலகத்தில இதுவரைக்கும் மூண்டே இடத்திலதான் இருந்திருக்கு. ஒண்டு, இந்தக் கரும்பலகை. போன மாதக் கள்ளப் புத்தகம், நான் கட்டினது. ஹாஜியாரையும் அங்கிளையும் தவிர இங்க இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். ரெண்டாவது, ஹாஜியாற்ற கையில இருக்கிற கடிதம். அதை எழுதினவர் பத்தையும் முழுசா வாசிச்சவராம். மூண்டாவது, இண்டைக்கு நீங்கள் கேட்ட சிறப்புரை. கடிதத்தில இருக்கிற அதே வசனத்தோட."

யாரும் சிரிக்கவில்லை. கடல்பக்கம் ரயில் ஒன்று போனது. சவுந்தரநாயகத்தின் கை தோளில் கிடந்த பொன்னாடையைத் தேடிப் பிடித்தது. எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் அங்கேயே நின்றது.

"ஒரு கேள்வி," என்றார் றலியா டீச்சர், வகுப்பில் கேட்பதுபோல. "எழுபத்தெட்டாம் ஆண்டு வாசிச்சீங்க எண்டு சென்னீங்க. அட்டை என்ன நெறம்?"

அவர் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தார்.

"பிள்ளை, இது... இது ஒரு பகிடி எண்டு எனக்கு முதலே..."

"லிஃப்ட் எப்ப ஓடும் அங்கிள்?" என்றாள் சாருஜா.

ஹாஜியார் எழுந்தார். கடிதத்தை மடித்துச் சவுந்தரநாயகத்தின் முன் மேசையில் வைத்தார். "இது ஒங்கட சாமான்," என்று மட்டும் சொன்னார். பிறகு சாருஜாவிடம் திரும்பி, "மகள், லீஸ் பேப்பர கொண்டாங்க. இருந்து எழுதுவோம்," என்றார். அவர் முகம் சிவந்திருந்தது. ஏமாந்தது தானும்தான் என்ற கோபம் அதில் இருந்தது.

லிஃப்ட் ஐந்தாம் நாள் ஓடியது. நிர்வாகக் குழுவுக்குப் புதிய தலைவர் வந்த கதை தனி. இரத்தினம்மா ஐம்பத்தேழு நாளுக்குப் பிறகு கீழே இறங்கி, கண்ணாடிக் கதவைத் தள்ளி, கதிரையில் இருந்து, புதிய மாதத்துக் கரும்பலகையை ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஏழாவதில் நின்றார்.

'உப்புத் தபால்காரன். எழுதியவர்: சவுந்தரநாயகம். தனக்காகக் காத்திருக்க ஒருவராவது வேண்டும் என்பதற்காக ஒரு கடிதத்தை ஒளித்துவைத்த மனிதனின் கதை.'

மூலையில், லிஃப்ட் இலக்கம் இருந்த இடத்தில், புதிதாக ஒரு இலக்கம்: 3.

"இது என்ன மூண்டு?"

"இந்தப் பலகை எழுதினதில இருந்து அங்கிள் முன்பக்கத்தால போகாமல் குப்பை வாளியடி இரும்புப் படியால போய்வாற நாள்."

இரத்தினம்மா வெளியே பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "காணும் பிள்ளை. அழிச்சுவிடு."

துடைப்பான் சாருஜாவின் கையில்தான் இருந்தது. கட்டடத்தின் பின்பக்கம் இரும்புப் படி கிறீச்சிட்டது, நின்றது, மறுபடி கிறீச்சிட்டது. அவள் அந்தச் சத்தம் கீழே வந்து சேரும்வரை காது கொடுத்துக் கேட்டாள்.

"மாதம் முடிய அழிப்பன் அம்மா," என்றாள். "இண்டைக்கு மூண்டாந் திகதிதானே."