கெண்டை வேகாத காலை

காலை ஒன்பது மணிக்கு ஓவன் செத்தது. விளக்கு எரிந்தது. உள்விசிறி சுற்றியது. சூடு மட்டும் இல்லை. உள்ளே இரண்டு பெரிய தட்டுகளில் கெண்டை மீன்கள் பச்சையாகவே கிடந்தன.

விதோசாவா கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். பிறகு கணவனைக் கூப்பிட்டாள்.

"மனுஷா, வந்து பாரு. உன் ஜெர்மன்காரன் போய்ச் சேர்ந்துட்டான்."

மிரோல்யூப் ஓடி வந்தான். "காலையில ரொட்டி வெந்துச்சே. நல்லாத்தான இருந்துச்சு?"

"செத்தவங்க எல்லாருமே காலையில நல்லாத்தான் இருந்தாங்க."

இருபத்துநான்கு வருஷத்துக்கு முன்பு, அரை வருஷச் சம்பளத்தைக் கொடுத்து மிரோல்யூப் அந்த ஜெர்மன் ஓவனை வாங்கினான். நோவி சாத் நகரத்திலேயே விலை உயர்ந்த ஓவன் அதுதான் என்று இன்றும் சொல்வான். போன குளிர்காலத்தில் கதவுக் கீல் உடைந்தபோது அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தான்: இன்னொரு தடவை படுத்தால் புதுசு. அவள் தேர்ந்தெடுத்தும் வைத்துவிட்டாள். கண்ணாடிக் கதவு, திருகும் குமிழ் ஒன்றுகூடக் கிடையாது. படம் மேஜை இழுப்பறையில் இருந்தது.

இன்று அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இன்று டிசம்பர் பத்தொன்பது, புனித நிக்கோலா நாள். அவர்கள் குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கான விருந்து. இதற்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் வருவார்கள், வந்தவர்கள் சாப்பிடுவார்கள். போன வருஷம் முப்பத்தொரு பேர் வந்தார்கள். நோன்பு நாள், இறைச்சி கிடையாது. மீன் இல்லையென்றால் தட்டில் வைக்க ரொட்டியும் அவரைக் கொட்டையும்தான்.

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். அந்தக் கட்டிடத்தில் பதினான்கு வீடுகள். ஒன்பது வீடுகளுக்குக் காவல் நிக்கோலாதான். எல்லா ஓவனிலும் கெண்டை வெந்துகொண்டிருந்தது. மற்ற ஐந்து வீடுகளும் தங்கள் ஓவனை ஏற்கெனவே யாருக்கோ கொடுத்திருந்தன.

"எம் மீனே ரெண்டு தவணையா வேகுது, கண்ணு," என்றாள் மூன்றாம் மாடிக்காரி.

மிரோல்யூப் நான்கு மெக்கானிக்குகளுக்குப் போன் செய்தான். இரண்டு பேர் எடுக்கவில்லை. மூன்றாமவன் எடுத்தான், ஆனால் பாடிக்கொண்டிருந்தான். நான்காவது ஆள் லோரின்ஸ், ஹங்கேரியன். கத்தோலிக்கர்களின் நாட்காட்டியில் இதே விருந்து பதின்மூன்று நாள் முன்பே முடிந்துவிடும்.

"எங்க நிக்கோலா ஆறாம் தேதியே வந்துட்டுப் போயிட்டாரு. வர்றேன்," என்றான்.

பத்து மணிக்கு வந்தான். பையோடு நேராகச் சமையலறைக்குப் போனவனை மிரோல்யூப் மறித்தான். விருந்து மெழுகுவர்த்திக்கு முன்னால், வருகிறவர் முதலில் வாங்க வேண்டிய சர்க்கரை சேர்த்த கோதுமை ஒரு கரண்டி, பிறகு ஒரு கிளாஸ் ரக்கியா என்ற பழச் சாராயம்.

"நான் விருந்தாளி இல்ல சார். மெக்கானிக்."

"வாசல் தாண்டிட்டீங்க. இனிமே விருந்தாளிதான்."

லோரின்ஸ் சாப்பிட்டான், குடித்தான். மிரோல்யூப் இரண்டாவது கிளாஸ் ஊற்றப் போனான். விதோசாவா பாட்டிலைப் பிடுங்கினாள்.

"அவரு கரண்ட்ல கை வைக்கணும், மனுஷா!"

லோரின்ஸ் ஓவனின் உட்தகட்டைக் கழற்றினான். வெகுநேரம் பார்த்தான். திரும்பி மிரோல்யூபைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

"சூடாக்குற காயில் எரிஞ்சு போச்சு. புதுசு வர அஞ்சு நாளாகும்."

"அப்போ ரிப்பேர் ஆகும்!" என்றான் மிரோல்யூப்.

"ஆகும்."

"மாத்திடலாமில்ல?" என்றாள் விதோசாவா.

"மாத்தலாம்."

"ரெண்டுல எது?"

"அம்மா, மொதல்ல மீனைப் பாப்போம். எங்க வீட்டு ஓவன் இன்னைக்குச் சும்மாதான் கெடக்கு."

விருந்து நாளில் வீட்டுத் தலைவன் வெளியே போகக் கூடாது. எனவே ஏப்ரனோடு விதோசாவாவே லோரின்ஸின் வேனில் ஏறினாள். மடியில் ஒரு தட்டு, காலடியில் ஒரு தட்டு.

லோரின்ஸின் மனைவி எதெல்கா மீனை வாங்கி உள்ளே வைத்தாள். விதோசாவா ஓவனை உற்றுப் பார்த்தாள்.

"எங்க வீட்டு மாடலேதான்!"

"உங்களோடதை விட மூத்தது. யாரோ தெருவுல போட்டுட்டுப் போனாங்க, இவரு தூக்கிட்டு வந்துட்டாரு."

இருபது நிமிஷம் ஆனதும் விதோசாவா கைத்துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எதுக்குத் தெறக்குறீங்க?" என்றாள் எதெல்கா.

"தட்டைத் திருப்ப வேணாமா? இடது பக்கம் கருகிடுமே."

"எனக்குக் கருகுனதே இல்லையே."

"இந்த மாடலே அப்படித்தானாம். எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. எட்டு வருஷமா நான் திருப்பிட்டுத்தான் இருக்கேன்."

லோரின்ஸ் தொண்டையைச் செருமினான். விதோசாவா அவன் பக்கம் திரும்பினாள்.

"அங்க உள்ள என்னத்தைப் பாத்தீங்க? சொல்லுங்க."

"விசிறியைப் பின்பக்கம் முன்னா மாட்டியிருக்கு. காத்து ஒரு பக்கமாவே போகுது. காயிலும் அதனாலதான் எரிஞ்சிருக்கு."

"அங்கேயே ஏன் சொல்லல?"

"அவரு கையால கோதுமை சாப்பிட்டேன், அம்மா. அவரு விருந்து நாள்ல, அவரு வீட்டுலயே வெச்சு எப்படிச் சொல்ல?"

விதோசாவாவுக்கு எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு மதியம் நினைவுக்கு வந்தது. அதை அவர்களிடம் சொன்னாள். விசிறி கிறீச்சிட்டது. மிரோல்யூப் மூன்று மணி நேரம் ஓவனுக்குள் தலையை விட்டிருந்தான். முடிவில் கையில் ஒரு ஸ்குரூ மிஞ்சியது. ஜெர்மன்காரன் உபரியாகக் கொடுத்தது என்றான்.

முதலில் சிரித்தது எதெல்காதான்.

"சரியா மாட்டுனா?" என்று கேட்டாள் விதோசாவா, தானும் சிரித்து முடித்த பிறகு.

"இன்னும் பத்து வருஷம் ஓடும்."

எதெல்கா தட்டை வெளியே எடுத்தாள். கெண்டை தலையிலிருந்து வால்வரை ஒரே பொன்னிறமாக இருந்தது. விதோசாவா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பன்னிரண்டே காலுக்கு மூன்று பேரும் மீனோடு திரும்பினார்கள். மேஜையைச் சுற்றிப் பதினொரு பேர் இருந்தார்கள். மிரோல்யூப் வாசலிலேயே தட்டை வாங்கிக்கொண்டான்.

"விதா," என்று கிசுகிசுத்தான், "வாக்குன்னா வாக்குதான். நாளைக்குக் கடைக்குப் போவோம்."

"வேண்டாம். ரிப்பேர் பண்ணிடுவோம்."

"நெசமாவா?"

"லோரின்ஸ் பண்ணுவாரு. நீ அது கிட்டக்கூடப் போகக் கூடாது."

"ஏன்?"

"மீன் ஆறுது. கொண்டு போய் வை."

மிரோல்யூப் தட்டை மேஜை நடுவில் வைத்தான். எல்லாருக்கும் ஊற்றினான். பிறகு கிளாஸை உயர்த்தினான்.

"இருபத்துநாலு வருஷம்! இன்னும் ஓடப் போகுது! ஏன்னு கேளுங்க. ஜெர்மன் சாமான், கூடவே என் பராமரிப்பு!"

எல்லாரும் கைதட்டினார்கள். லோரின்ஸ் குனிந்து முள் பொறுக்கினான். எதெல்கா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள்.

விதோசாவாவும் கைதட்டினாள். இன்று அவன் வீட்டுத் தலைவன், மெழுகுவர்த்தி எரிகிறது. நாளை இருபதாம் தேதி, சாதாரண நாள். எட்டு மணிக்கு அவன் காப்பி குடிக்க உட்காருவான். விசிறியைப் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம்.