பதினைந்தாம் தேதி விடுப்பு

அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், குடோன் வேலையை விட்டுவிட்டு வந்த வாரத்தில், அப்பா ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார். குளியலறைக் கதவுக்குக்கூட உள்ளிருந்து வாளியைத்தான் முட்டுக்கொடுக்க வேண்டும். ஏன் என்று கேட்டால், "காத்து வரட்டும்" என்பார். கேட்டவர்கள் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை முடித்து அண்ணன் வந்தபோது காலை ஏழரை. தங்கை சாப்பாட்டு மேசையைக் காகிதத்தால் அடைத்து வைத்திருந்தாள். கோடை விடுமுறையில் ஆறு வாரமாக இதே கூத்து. பதினொன்றாம் வகுப்பில் உயர்நிலை வரலாறு படிக்க இருபது பேருக்குத்தான் இடம். கேட்டவர்கள் தொண்ணூறு பேர். இடம் பிடிக்க ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். தன் ஊரில் நடந்த ஒரு சம்பவம், மூன்று மூல ஆதாரங்கள். நாளைக் காலை கெடு.

அவள் எடுத்துக்கொண்டது ஒன்பது வருடத்துக்கு முந்தைய குடோன் தீ விபத்தை. அப்பா இரவுக் காவலாளியாக இருந்த அதே குடோன்.

"அண்ணா, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிழை பாத்துக் குடு."

"பத்தாவதோட நின்னவன்கிட்டயா, வக்கீலு? உன் கட்டுரை உருப்பட்ட மாதிரிதான்."

"உன் கையெழுத்துதானே கோழிக் கிறுக்கல். கண்ணு நல்லாத்தானே இருக்கு? படி."

வருகை அட்டையை மேசையில் எறிந்துவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து படித்தான். நன்றாகவே எழுதியிருந்தாள். பதினைந்தாம் தேதி அதிகாலை இரண்டு மணிக்குத் தீ. வெளியிலிருந்து பூட்டியிருந்த ஷட்டருக்குப் பின்னால் சுமை தூக்குபவர்கள் இரண்டு பேர் மூச்சுமுட்டிச் செத்தார்கள். முதல் ஆதாரம், செய்தித்தாள். சாவி ஒன்று காவலாளியிடம், இன்னொன்று ஸ்டோர்கீப்பரிடம். காவலாளி பதினைந்தாம் தேதி விடுப்பில் இருந்தார். இரண்டாவது ஆதாரம், மேலாளர் கையெழுத்துப் போட்ட அப்பாவின் விடுப்புச் சீட்டு. ஆகவே ஆள் இருப்பதைப் பார்க்காமல் பூட்டிவிட்டுப் போனவர் ஸ்டோர்கீப்பர்தான். மூன்றாவது, விசாரணை அறிக்கை. அவருக்கு வேலையும் போனது, இரண்டு வருடம் சிறையும் கிடைத்தது.

ஒற்று இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. அதைச் சுழிக்கப் பேனாவைத் தேடியபோதுதான் தன் அட்டை கண்ணில் பட்டது. நேற்று ராத்திரி பத்து மணிக்கு உள்ளே போனவன் இன்று காலை ஆறு மணிக்கு வெளியே வந்திருக்கிறான். அட்டையில் நேற்றைய தேதி மட்டும்தான். இரவு வேலைக்காரனுக்கு நள்ளிரவில் தேதி மாறாது. எந்தத் தேதியில் உள்ளே போனானோ அதே தேதிதான் விடியும்வரை. பதினைந்தாம் தேதிக்கு விடுப்பு வாங்கினால் பதினைந்தாம் தேதி ராத்திரி பத்து மணிக்குத்தான் அது தொடங்கும். அதிகாலை இரண்டு மணி பதினாலாம் தேதிக் கணக்கு, அப்பா வேலையில் இருந்த ராத்திரி.

அடுக்களையில் அப்பா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு விடுப்பில் இருந்த மனுஷன் எதற்கு வேலையை விட்டார், எதற்குத் தன்னைப் பத்தாவதோடு நிறுத்தி மூட்டை தூக்க அனுப்பினார் என்பது இத்தனை வருடமாக அவனுக்குப் புரிந்ததில்லை. இப்போது புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

ஒற்றுகளைப் போட்டு நோட்டை மூடிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. இவளுக்கு இடம் கிடைத்துவிடும். விசாரித்த அதிகாரிகளே பகலில் வேலை பார்ப்பவர்கள், கண்டுபிடிக்கவில்லை. வாத்தியாரா கண்டுபிடிக்கப் போகிறார்? ஆனால் தெருமுனையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் ஸ்டோர்கீப்பரின் தலையில் இன்னொரு முறை எழுத்தில் பழி விழும். இந்த முறை அவன் பிழை திருத்திக் கொடுத்து.

"என்னண்ணா, தூங்கிட்டியா?"

"தேதி தப்பு."

"பேப்பர்லயே போட்டிருக்கு. சீட்டும் இருக்கு, பாரு."

"ரெண்டும் சரி. நீ சேத்ததுதான் தப்பு." அட்டையை அவள் பக்கம் தள்ளினான். "நான் இப்ப செஞ்சிட்டு வந்தது எந்தத் தேதி வேலை?"

அவள் அட்டையைப் பார்த்தாள். சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். பிறகு விடுப்புச் சீட்டை எடுத்தாள். கெட்டிக்காரி, இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகம் மட்டும் கறுத்துப்போயிற்று.

அடுக்களையில் குழாய்ச் சத்தம் நின்றது. அப்பா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"நான் பொய் சொல்லலை, கண்ணு" என்றார். "சீட்டைக் கேட்டாங்க, குடுத்தேன். அவங்களா படிச்சிக்கிட்டாங்க. நான் சும்மா இருந்தேன்."

"ஸ்டோர்கீப்பர் மாமா சொல்லலையாப்பா?"

"கத்தினான். தப்பிக்கப் பாக்கறான்னாங்க. ரிஜிஸ்டர் எரிஞ்சு போச்சு. என்னைப் பாத்த ரெண்டு பேரும் உள்ள இருந்தாங்க." கையை வேட்டியில் துடைத்தார். "திருட்டுப் போகுதுன்னு, உள்ள ஆள் வேலை செஞ்சாலும் மேலாளர் பூட்டச் சொல்லியிருந்தார். பூட்டிட்டு டீ குடிக்கப் போனேன். இருபது நிமிஷம். பேச்சுல உக்காந்துட்டேன்."

"என் படிப்பையும் அந்த இருபது நிமிஷத்துலதான் குடிச்சீங்க" என்றான் அண்ணன். சொன்னது சுகமாக இல்லை. அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

தங்கை அழவில்லை. காகிதங்களை ஒன்றுசேர்த்து, விடுப்புச் சீட்டை மேலே வைத்து நோட்டுக்குள் செருகினாள்.

"எங்க போற?"

"பிளாஸ்டிக் கடைக்கு. அவர்கிட்ட நான் ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே, அண்ணா. அறிக்கையிலிருந்து எடுத்து எழுதிட்டேன்."

"நாளைக்குக் காலையில குடுக்கணும்டி. இதை எப்ப எழுதுவ? எழுதினா இவரை என்ன பண்ணுவாங்களோ?"

"தெரியலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்பா ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தான்கள் ஒன்று தள்ளி ஏறின. திருத்திக்கொள்ளாமல், கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அவள் போன பக்கமே நடந்தார்.

அண்ணன் ஷூவைக் கழற்றாமல் மேசையருகிலேயே உட்கார்ந்திருந்தான். அவருக்குப் பின்னால் போவதா, படுப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது.