மூன்று விரல் பதிந்த ஓடு

அன்று பாலைவெளியில், முன்னோர் தரையில் கீறிய பெருங்கோட்டின் ஓரத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: பானை ஓடுகளைக் கணக்கெடுக்க வந்த ஆய்வாளர் சொராய்தா, அவளுக்குச் சோறு கொண்டுவந்த பெத்ரோனிலா, பெத்ரோனிலாவின் அண்ணன் தோன் எலியோதோரோ உச்சூயா. அந்தப் பழங்காலக் கோடுகளை உச்சூயா வீட்டார் ஒருவர்கூட மிதித்ததில்லை என்று நாற்பது வருஷமாகப் பால்பா ஊரில் மார்தட்டி வந்தவர் அவர்.

சொராய்தா கோட்டின் நடுவிலிருந்து ஓர் ஓட்டை எடுத்துத் துடைத்தாள். விளிம்பில் மூன்று விரல் பதிவுகள் இருந்தன.

"ஆயிரத்தைந்நூறு வருஷம் இருக்கும் ஐயா. மழை வேணும்னு படைச்சிட்டு உடைச்சிருக்காங்க."

தோன் எலியோதோரோவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வனையும் பானையிலெல்லாம் அம்மா பதிக்கும் விரல்கள் அவை. வாயை மூடிக்கொண்டால் வீட்டு மானம் தப்பும். ஆனால் பானை யாரோ முகம் தெரியாதவர் வனைந்ததாகிவிடும்.

"என்னண்ணே விறைச்சு நிக்கிறே? சாமி பானைக்கு ஒரு கும்பிடு போடேன்," என்று பெத்ரோனிலா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"எழுதாதேம்மா!" என்று அவர் சொராய்தாவைத் தடுத்தார். "அது எங்கம்மா வனைஞ்ச சோளக்கள்ளுப் பானை. எங்கப்பா இங்க விழுந்தப்போ உடைஞ்சது."

"அப்போ நீங்களும் கோட்டை மிதிச்சிருக்கீங்க?"

"மிதிச்சிருக்கோம், எழுதிக்கோ. எங்கம்மா பேரையும் எழுது. தோமித்திலா."

சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பேச்சு: அவர் அப்பா குடித்துவிட்டுக் கழுதையிலிருந்து விழுந்தாராம். அது சுத்தப் பொய். உச்சூயா வீட்டில் கழுதையே இருந்ததில்லை. அவர் விழுந்தது குதிரையிலிருந்து.