ராஜாங்கத்தின் குரல் பட்ட துணி

ராஜாங்கம் அதட்டினால் கூலியாட்களின் துணியில் கறை விழும். போன தை மாதம் கரும்பு வெட்டில் தொடங்கியது இது. "ஏய் சாலா, இன்னா வேடிக்க பாத்துகினு கீற?" என்றார். அறுபதைத் தாண்டிய சாலம்மாளின் முந்தானையில் அழுகிய கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கையளவு கறை. சோப்புக்குப் போகவில்லை. கரியாலூர் அருவியில் அலசினால் போகும் என்றார்கள். அலசியதில் அருவி கலங்கியதுதான் மிச்சம். அதே வாய் பேங்க் மேனேஜரிடம் குழைந்தபோது மேனேஜர் சட்டையில் இளமஞ்சள் படிந்தது, ஜிலேபி வாசனையோடு. நைனார்பாளையம் கடைத்தெருவில் துணியைப் பார்த்தே யார் வயலில் வேலை என்று சொல்லிவிடலாம். ராஜாங்கத்துக்கு வெட்கமா? வெட்கமாவது, அவருக்காவது! மகள் செந்தமிழ்ச்செல்வியைப் பெண் பார்க்க மணலூர்பேட்டையிலிருந்து வருகிறார்கள், மாப்பிள்ளை டாக்டர் என்றதும்தான் கூலியாட்களின் துணியை உற்றுப் பார்த்தார். இந்தக் கறைகளைப் பார்த்தால் சம்பந்தம் கைநழுவிப் போய்விடுமே.

"மரியாதையா பேசிப் பாருங்க, போனாலும் போவும்" என்றாள் மனைவி பச்சையம்மாள். சாலம்மாளை வீட்டுக்குக் கூப்பிட்டு, "வாங்க சாலம்மா, ஒக்காருங்க" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. வார்த்தையில் மரியாதை இருந்தது. குரல் பழைய குரல்தான். முந்தானையில் புதுக் கறை, முன்னதைவிடக் கருப்பு. "போதுங்கய்யா, கட்டிக்க வேற பொடவ இல்ல" என்று நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள்.

பெண் பார்க்க வந்த அன்று, வாசல் பெருக்கிக்கொண்டிருந்த சாலம்மாளை ஒளிக்க நேரமில்லை. காரிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அப்பா தீனதயாளன் அவள் புடவையை ஏற இறங்கப் பார்த்தார். ராஜாங்கத்துக்கு உயிரே போய்விட்டது. தீனதயாளன் திரும்பி, "டேய், வண்டிய நெழல்ல போடத் தெரியாது?" என்றார். டிரைவரின் வெள்ளைச் சட்டையில் அதே கத்தரிக்காய் நிறம். பெரிய மனிதர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பத்துப் பொருத்தமும் அங்கேயே பார்த்தாகிவிட்டது.

கள்ளக்குறிச்சி மண்டபத்தில் கல்யாணம். சாலம்மாளும் போனாள், அதே புடவையில். மேடையில் நின்ற ராஜாங்கத்தை மேலும் கீழும் பார்த்து, "நல்லா இருங்கய்யா" என்றாள். வார்த்தையில் ஒரு குறை சொல்ல முடியாது. குரல்தான் அவர் அவளிடம் ஆயுசெல்லாம் பேசிய குரல். பட்டுச் சட்டையின் நெஞ்சில் கறை விழுந்தது. "துண்ட இறக்கிப் போட்டுக்குங்க சார், மறைஞ்சிடும்" என்றார் போட்டோக்காரர். போட்டுக்கொண்டார். பந்திக்குப் போகிற வழியில் சாலம்மாள் திரும்பி, "சாப்ட்டீங்களாய்யா?" என்றாள்.

துண்டிலும் விழுந்தது. ஆல்பம் அப்படியேதான் அச்சாகி வந்தது.