மொக்கச்சாமி கடை எங்கே இருக்கு?

போடியில் ஒரே ஒரு கடையை மட்டும் விஜயகுமார் கண்ணில் காட்டக்கூடாது. அதற்காக ஊரில் உள்ள மற்ற எல்லாவற்றையும் காட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அந்தக் கடை என் அய்யாவுடையது. அய்யா பெயர் மொக்கச்சாமி.

எங்கள் பக்கம் அது சாமி பெயர். தெருவுக்கு இரண்டு மொக்கச்சாமி இருப்பார்கள். ஒருவரைக் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள். சென்னைக்குப் படிக்கப் போனபோதுதான் அந்தப் பெயருக்கு அங்கே வேறு அர்த்தம் இருப்பது உறைத்தது. முதல் நாள் வகுப்பில் எவனோ ஒரு ஜோக் சொன்னான். "செம மொக்கடா" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாத்தியார் என்னைப் பார்த்து, "எம்.முத்துப்பிரியா. எம்னா என்னம்மா?" என்றார். "மோகன்" என்றேன். பத்து வருஷமாக அய்யா சென்னையில் மோகனாகத்தான் இருக்கிறார். நான் கட்டிக்கொள்ளப்போகும் ஈஸ்வருக்கும் அவர் மோகன், ஈஸ்வரின் அம்மாவுக்கும் மோகன். அடுத்த மாதம் அவர்கள் பேசி முடிக்க போடிக்கு வருகிறார்கள். அதற்குள் பக்குவமாக ஈஸ்வரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். பத்து வருஷமாக எல்லாரிடமும் பக்குவமாகச் சொல்லத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் வந்து சேர்ந்தான் இந்த விஜயகுமார். ஈஸ்வரின் நண்பன். யூடியூபில் 'ஒரு கை பார்ப்போம்' என்று சேனல் வைத்திருக்கிறான். ஊர் ஊராகப் போவான். ஒரு வாய் வைப்பான். கண்ணை மூடுவான். மூடிய கண்ணோடு தலையை ஆட்டி, "வேற லெவல்" என்பான். தொழில் அவ்வளவுதான். இதற்கு ஆறு லட்சம் பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள், அதில் ஈஸ்வரின் அம்மாவும் ஒருவர். ஒரு வீடியோவையும் விடமாட்டார். "உங்க ஊரை எடுக்கச் சொல்லியிருக்கேன், நீயே சுத்திக் காட்டு" என்று ஈஸ்வர் ஏதோ வரம் கொடுப்பவன் மாதிரி போனில் சொன்னான். அய்யா பெயர் அந்த வாயில் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 'மொக்க கடை' என்று தலைப்பு வைப்பான். என் வருங்கால மாமியார் விழுந்து விழுந்து சிரிப்பார். சிரித்து முடித்ததும் நான் பொய்க்காரி ஆவேன்.

காலை ரயிலில் வந்து இறங்கினான். காமிராவோடு கைகொடுத்து, "சிஸ்டர், அப்பா ஹோட்டல்லயே ஆரம்பிச்சிடலாமா?" என்றான்.

"பெயிண்ட் அடிக்கிறாங்க. மூடியிருக்கு" என்றேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பாண்டித்துரை டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். பெரியகுளத்திலிருந்து வந்து சமீபத்தில் கடை போட்டவர், என்னைத் தெரியாது. விஜயகுமார் காமிராவை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஏலக்காய் நகரத்துல ஏலக்காய் டீ குடிக்கப்போறோம் மக்களே!" என்றான்.

பாண்டித்துரை அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஏலக்காயா? அதெல்லாம் வடக்க இருக்கிறவன் குடிக்கிறான் தம்பி. அந்த வெலைக்கு வாங்கிப் போட்டா நான் கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். இங்க இஞ்சி டீ."

விஜயகுமார் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு மடக்குக் குடித்தான், கண்ணை மூடினான். "அந்த ஏலக்காய் வாசம் இருக்கே, அப்படியே மலைக்கே போயிட்டேன்" என்றான். இஞ்சியை ஏலக்காய் என்று ஆறு லட்சம் பேருக்குச் சொல்லும் நாக்குக்கு அஞ்சித்தான் நான் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைக்கவே கேவலமாக இருந்தது.

கிளம்பும்போது பாண்டித்துரை வாயைத் திறந்தார். "வெளியூர்க்காரங்களா? சாயங்காலமா மொக்கச்சாமி கடைக்குப் போங்க. கொடல் கொழம்பு அங்கதேன்."

விஜயகுமார் பொங்கிச் சிரித்தான். "என்ன கடை? மொக்கயா? ஓனரே ஒத்துக்கிட்டாரா சிஸ்டர்?"

"பேருக்கேத்த கடைதான். மொக்கயா இருக்கும். வேணாம்" என்றேன். சொன்னது நான்தான். என் வாயால்தான் சொன்னேன்.

அடுத்து ஏலக்காய் ஏலம் நடக்கிற இடம். தெரிந்தவர் ஒருவர் மூலம் அனுமதி வாங்கியிருந்தேன். ஒருதரம், இரண்டுதரம் என்று எவராவது கத்துவார், மேசையில் சுத்தியலால் அடிப்பார் என்று எதிர்பார்த்து வந்தவனுக்குக் கிடைத்தது ஒரு ஹால். அதில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் வரும் காயை ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார்கள், ஒன்றைக் கடிப்பார்கள், எதிரே திரையில் ஓடும் விலையைப் பார்த்துப் பட்டனை அமுக்குவார்கள். மூச்சுச் சத்தம்கூடக் கிடையாது.

"இதுவா சிஸ்டர் ஏலம்? சவுண்டே இல்லயே!" என்றவன், பக்கத்து வியாபாரியிடம் குனிந்து, "அண்ணா, வீடியோவுக்காக ஒரு தடவை சத்தமா வெலை கேளுங்களேன்" என்றான்.

அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை. "சத்தம் வேணும்னா மாட்டுச்சந்தைக்குப் போப்பா. இங்க சோலி நடக்குது."

அந்த ஒரு நிமிஷம் என் ஊரை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது காவலாளி, "சாப்பாடு ஆச்சா? மொக்கச்சாமி கடை தெரியும்ல?" என்று ஆரம்பித்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு கடையின் பெயரே தெரியாதா? விஜயகுமார் இரண்டாம் முறை சிரித்தான்.

மத்தியானம் ஜீப்பு பிடித்துக் குரங்கணி மலைக்குப் போனோம். டிரைவர் ராஜ்கமல் குரங்கணிக்காரர், நான் யாரென்று அவருக்குத் தெரியாது. அங்கே விஜயகுமார் ஓடைக்குள் நின்று பேசினான், பாறை மேல் நின்று பேசினான். ஒரு செடியிலிருந்து சிவப்புப் பழம் பறித்து, "காட்டுச் செர்ரி மக்களே, சென்னையில கெடைக்காது" என்றான். "அண்ணே, அது காப்பிப் பழம்" என்றார் ராஜ்கமல். அதை எடிட்டிங்கில் வெட்டிவிடுவதாகச் சொன்னான். எதை வெட்டுவான், காப்பியையா செர்ரியையா என்று நான் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு மணி நேரம் தள்ளினால் அவனை பஸ் ஏற்றிவிடலாம் என்ற கணக்கோடு ஜீப்பில் மலையிறங்கி வந்துகொண்டிருந்தேன். ராஜ்கமல் ஊருக்குள் வந்ததும் யாரையும் கேட்காமல் வண்டியை இடது பக்கம் ஒடித்தார்.

"எங்க போறீங்க?" என்று கத்தினேன்.

"சாப்பிட வேண்டாமாக்கா? மொக்கச்சாமி கடையில சாப்பிடாம விருந்தாளிய அனுப்பினா நாங்க என்ன ஊர்க்காரங்க?"

கடைக்குப் போர்டு கிடையாது. என்றைக்கும் தேவைப்பட்டதில்லை. தகரக் கூரை, நாலு பெஞ்சு, முன்னால் புரோட்டாக் கல். போடிமெட்டு வழியாக எஸ்டேட்டிலிருந்து திரும்பிய ஜீப்புகள் அப்போதுதான் ஆள் இறக்கியிருந்தன. ஏலக்காய் எடுத்துவிட்டு வந்த பெண்கள் தலைத்துண்டோடு பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அய்யா கல்லுக்கு முன்னால் பனியனோடு நின்றார். நான் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தி, என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த செல்லத்தாய், பார்த்துவிட்டாள்.

"ஏ முத்து! எப்ப வந்த? அய்யாவப் பாக்க இப்பத்தேன் வழி தெரிஞ்சுச்சா?" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

விஜயகுமார் காமிராவை என் பக்கமும் அய்யா பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பினான். "சிஸ்டர், இதுதான் அப்பா ஹோட்டலா! பெயிண்டிங்னு சர்ப்ரைஸ் வச்சீங்களா?" துள்ளிக் குதித்து அய்யாவிடம் போனான். "மோகன் சார், வணக்கம்! ஒரே ஒரு சந்தேகம். காலையிலேர்ந்து ஊரே மொக்கச்சாமி, மொக்கச்சாமிங்குது. யார் சார் அந்த மொக்க?"

கடையில் இருந்த பதினைந்து பேரும் நிமிர்ந்தார்கள். அய்யா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சமையலில் உப்பு சரியா என்று கேட்கும்போது பார்ப்பாரே, அப்படித்தான் பார்த்தார். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு காமிராவைப் பார்த்துப் பேசினார்.

"மொக்கச்சாமிங்கிறது முன்னாடி இந்தக் கடைய வச்சிருந்த ஆளுங்க. அவரு தவறிப் போயி நாளாச்சு. பேரு மட்டும் நின்னுருச்சு. நான் மோகன்."

விஜயகுமார் நெஞ்சில் கைவைத்து, "அந்த மனுஷன் ஆத்மா சாந்தியடையட்டும் மக்களே" என்றான். பிறகு உட்கார்ந்து குடல் குழம்பைத் தின்றான். அன்றைக்கு முதல் முறையாகக் கண்ணை மூட மறந்துபோய்த் தின்றான். நாலு புரோட்டா. அந்த வயிற்றெரிச்சலையும் நான் ஜீப்பில் இருந்தபடியே பார்த்தேன்.

அவனை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது அய்யா கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படித் தெரியும் அய்யா?"

"ஒன் மாமியார்க்காரம்மா போன மாசம் போன் போட்டாங்க ஆத்தா. மோகன் சார் இருக்காரான்னாங்க. அப்படி யாரும் இல்லம்மான்னு வச்சிட்டேன். மறுபடி போட்டு, முத்துப்பிரியா அப்பாதானேன்னாங்க. அப்புறம்தேன் வெளங்குச்சு. ஆமாம்மா, மோகன்தேன் பேசுறேன்னுட்டேன்." தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னார். "இதுக்கு ஏன் மொகத்தத் தொங்கப்போடுற? பேருதானே."

"அதுக்காக செத்துட்டீங்கன்னு சொல்லணுமா?"

"வேற என்ன சொல்ல? உசுரோட இருக்கான்னா எங்கன்னு கேப்பான்ல."

அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டவில்லை. விஜயகுமாரைப் பார்த்து நாள் முழுக்க நான் பட்ட அருவருப்பெல்லாம் இடம் மாறி என்மேல் வந்து உட்கார்ந்தது. அவனாவது தெரியாமல் இஞ்சியை ஏலக்காய் என்றான்.

நாலாம் நாள் வீடியோ வந்தது. ஈஸ்வரின் அம்மா, "அப்பா எவ்வளவு எளிமை! பாவம், அந்தப் பழைய ஓனர் பேரையும் விடாம காப்பாத்துறாரே" என்று எனக்கு எழுதி அனுப்பினார். அதே வீடியோ போடியில் எல்லார் செல்போனிலும் ஓடியது. அன்று சாயங்காலம் கடையில் நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன். ஜீப்பில் வந்து இறங்கிய பெண்கள் வழக்கம்போல் "மொக்கண்ணே" என்று கூப்பிடவில்லை. "மோகன் சார், ரெண்டு புரோட்டா" என்றாள் ஒருத்தி. "சாருக்கு நம்ம பாஷை புரியுமாடி?" என்றாள் இன்னொருத்தி. முப்பது வருஷம் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்காத ஊர், அன்றைக்குத்தான் அவரைப் பார்த்துச் சிரித்தது. அய்யா, "இந்தா வர்றேன்" என்று ஒவ்வொரு மோகனுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்லத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. தின்று முடித்து, கை கழுவி, தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போறீகளாமே. அடிக்கையில ஒங்கய்யா பேருக்கு முன்னாடி காலஞ்சென்றன்னு போட மறந்துறாத" என்றாள். பிறகு அய்யாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தெருவில் இறங்கிப் போனாள்.