இன்னொரு விலாசினி

பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் பேரைச் சொன்னதுமே டீச்சரைத்தான் நினைப்பார்கள். வாய்க்கால் மேட்டில் கடைசி வீடு என்று சொல்லலாம். கொல்லத்து முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைக்கிறவள் என்று சொல்லலாம். அம்மாவின் பேரைச் சொல்லலாம். அம்மாவைத் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள்.

முதல் வீட்டு கேட்டின் முன்னால் விலாசினி குடையை மடக்குவதும் விரிப்பதுமாக நின்றாள்.

பஞ்சாயத்துத் தேர்தலில் அந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஜெயிக்கப்போவது விலாசினி டீச்சர்தான் என்று ஊரே பேசியது. அவரை எதிர்த்து நின்ற கட்சியின் ஆள் துளசீதரன் வாக்காளர் பட்டியலைப் புரட்டி, அதே பேரில் இவளைக் கண்டுபிடித்தான். எல்லாத் தேர்தலிலும் நடப்பதுதான். ஓட்டு இயந்திரத்தில் இரண்டு விலாசினியைப் பார்த்துக் குழம்பி நாற்பது பேர் மாற்றி அழுத்தினால் போதும், டீச்சர் கவிழ்ந்துவிடுவார். இவள் வேட்புமனுவில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் சும்மா இருக்க வேண்டும்.

தெரியாமல் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. துளசீதரன் மூன்று நாள் தொடர்ந்து வந்தான். சேச்சி, சேச்சி என்று கூப்பிட்டு, சாயா குடித்து, அம்மாவின் படத்தைப் பார்த்து எப்போது இறந்தார்கள் என்று கேட்டான். அம்மா போய் இரண்டு வருஷத்தில் அவள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த முதல் ஆள். மூன்றாம் நாள் அவன் பேனாவை நீட்டியபோது, வேண்டாம் என்றால் நாளைக்கு வரமாட்டானே என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அவளுக்குத் தேர்தல் சின்னமாகக் கண்ணாடித் தம்ளர் கிடைத்த பிறகு அவன் வரவில்லை. நான்கு நாள் சாயங்காலம் இரண்டு பேருக்குச் சாயா போட்டு, இரண்டையும் அவளே குடித்தாள். ஐந்தாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கேட்டுக்கு உள்ளே அம்பிளி என்ற பெண் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, கையை நிறுத்தாமலே பேசினாள்.

"டீச்சர் ஓட்டைப் பிரிக்கத்தானே உங்களை நிறுத்தியிருக்காங்க? வெக்கமா இல்லியா சேச்சி?"

"இருக்கு," என்றாள் விலாசினி.

அம்பிளி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் சாயா வந்தது, கண்ணாடித் தம்ளரில்.

"உங்க சின்னத்திலயே தந்திருக்கேன். இதோட சரி. ஓட்டு கிடையாது."

மூன்று நாளில் முப்பத்தொரு வீடு. சிலர் ஜன்னல் வழியாகவே கையசைத்து அனுப்பினார்கள். ஒரு வீட்டில் நாயை அடக்கவில்லை. இன்னொரு வீட்டில் ஒருத்தி, குக்கரை இறக்கிவிட்டு வருகிறேன் என்று குழந்தையை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல். ஓட்டுக் கேட்க மறந்தே திரும்பி வந்தாள். எவருக்கும் தன்னைப் பிடித்துவிட்டது என்று அவள் நினைக்கவில்லை. கதவு திறக்கும் சத்தம் போதுமாயிருந்தது. அந்த ஒரு கணம் தன்னைப் பார்க்கும் முகத்தில் கேள்வி இருந்தது. பல வருஷமாக அவளிடம் யாருக்கும் எந்தக் கேள்வியும் இருந்ததில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், குறுகலான சந்தில் எதிரே ஒரு கூட்டம் வந்தது. நடுவில் டீச்சர். வெயிலில் முகம் சிவந்திருந்தது. இவளைக் கண்டதும் கைகூப்பி, நோட்டீசை இவள் கையில் வைத்து, சின்னத்தை மறக்காதீர்கள் என்றார்.

"பேரு என்ன?" என்று அன்பாகக் கேட்டார்.

"விலாசினி."

கூட்டத்தில் பின்னாலிருந்த ஒருவன் ஏதோ முனக, டீச்சர் கையமர்த்தினார். இவளுடைய குடையையும், இவளுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த வழியையும் பார்த்தார்.

"கூட யாரும் இல்லியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். வழிவிட்டு மதிலோரம் ஒதுங்கினாள். அவர்கள் எல்லோரும் கடந்துபோக வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

அன்று சாயங்காலமே துளசீதரன் வந்தான். பழைய நாற்காலியில் உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டான். விலாசினி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீரை இரண்டு பேருக்கு அளந்து வைத்தாள்.

"யார் சொன்னாங்க சேச்சி உங்களை வீடு வீடாப் போகச் சொல்லி?" அவன் நாற்காலியிலிருந்தே பேசினான். "இப்ப ஊருக்கே உங்க முகம் தெரிஞ்சுபோச்சு. டீச்சர் வேற, நீங்க வேறன்னு தெரிஞ்சா எவன் மாத்தி அழுத்துவான்? உங்களை யாருக்கும் தெரியாதுங்கறதாலதானே உங்களைப் பிடிச்சேன்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினான்.

"இன்னும் பத்து நாள்தான். வெளிய இறங்காதீங்க. போரடிக்குதுன்னா நான் தினம் வரேன். இங்கயே சாயா குடிக்கிறேன். போதுமா?"

பால் பொங்கி வந்தது. அவள் தீயைக் குறைத்தாள். தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு ஆள் அந்த நாற்காலியில். பத்து நாள். அவன் வருவான், சொன்னால் செய்கிறவன்தான். அந்தப் பத்துச் சாயங்காலங்களையும் அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பதினோராவதையும் நினைத்தாள்.

தம்ளரைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"சூடு ஆறுறதுக்குள்ள குடி துளசி," என்றாள். "நாளைக்கு வராதே. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பதினேழு வீடு பாக்கியிருக்கு. வந்தா வீடு பூட்டியிருக்கும்."