மாட்டு வாசல்

கிளிஃப் ஹன்னாஃபோர்ட் வீடு திரும்புவதா, நகரத்து முதியோர் விடுதிக்குப் போவதா என்பது ஒரு வாசலில் வந்து நின்றது. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவனை, சக்கர நாற்காலி நுழையாத வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். டார்ட்மூர் மேட்டிலுள்ள அவனது பண்ணைவீட்டின் முன்வாசலுக்கோ இரண்டு பக்கமும் கருங்கல் நிலை. அதைக் கட்டியவர்கள் ஒல்லியாக இருந்தார்களோ என்னவோ, நாற்காலி போக இடமில்லை.

நிலையைச் செதுக்கிவிடலாம் என்றுதான் அவன் மனைவி பெரில் நினைத்தாள். ஆனால் அது சட்டம் காக்கிற பழைய வீடு. ஒரு கல்லைத் தொட வேண்டுமானாலும் அனுமதி வேண்டும். பார்வையிட ஹேரியட் என்ற பெண் அதிகாரி வந்தாள். பெரில் தேநீர் கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை.

"இந்த நிலையை வெட்ட விடமாட்டாங்க, மிஸஸ் ஹன்னாஃபோர்ட். நானே எழுதிக் கொடுத்தாலும் மேல ஒத்துக்க மாட்டாங்க."

"கல்லுக்கு வலிக்கும், அப்படித்தானே? என் புருஷன் எங்க கிடந்தா என்ன."

ஹேரியட் கோபப்படவில்லை, பாவம். கோப்பையை வைத்துவிட்டு நடையைத் தாண்டிக் கீழ்ப்பக்கம் போனாள். அந்த வட்டாரத்து வீடுகள் சரிவில் நீளமாகக் கிடப்பவை. மேல்பக்கம் அடுப்பும் மனுஷரும், கீழ்ப்பக்கம் மாடுகள், நடுவில் ஒரு நடை. சாணமும் மூத்திரமும் அடுப்புப் பக்கம் வராமல் கீழே ஓடட்டும் என்ற கணக்கு. இப்போது அங்கே மாடு இல்லை, உருளைக்கிழங்கு மூட்டைதான்.

"மிஸஸ் ஹன்னாஃபோர்ட், இங்க கொஞ்சம் வாங்களேன்."

மாட்டு வாசலுக்குக் குறுக்கே அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ஹேரியட். "வயித்துல கன்னோட வர்ற பசு இடிச்சுக்கக் கூடாதுன்னு வெச்ச வாசல். நாற்காலி தாராளமா போகும். எதையும் வெட்ட வேண்டாம். சுண்ணாம்பு அடிச்சு, தரைக்குப் பலகை போட்டா போதும். அதுக்கு அனுமதி வாங்கித் தர்றது என் பொறுப்பு."

பெரிலுக்கு அழுகை வந்தது. அதன் பின்னாலேயே பயமும் வந்தது. அந்த மேட்டில் ஒருவனைப் பார்த்து 'கீழ்ப்பக்கம் போடா' என்றால் நீ மனுஷனே இல்லை என்று அர்த்தம். கிளிஃபே எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறான்.

"ரோஷக்காரன்மா அவன். விடுதிக்கே போறேன்னு சொல்லிட்டாலும் சொல்லிடுவான்."

"கேட்டுப் பாருங்களேன்."

பெரில் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பான் என்று அவளுக்குத் தெரியாதா?

அவன் வந்த அன்று மழை தூறியது. வண்டியிலிருந்து இறக்கி, முன்வாசலைத் தாண்டி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். போகிற வழி புரிந்ததும், நல்ல கையால் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தான் கிளிஃப்.

"கீழ்ப்பக்கமா?" வாய் கோணியதால் வார்த்தை குழறியது. "கடைசியில என்னைக் கொட்டில்ல கட்டப்போறியா, பெரில்?"

"ஆமா. வேற வாசல் உன்னை உள்ளே விடமாட்டேங்குது."

அவன் கண் கலங்கியது.  பெரில் கதவைத் தள்ளித் திறந்தாள்.

உள்ளே வெள்ளையடித்த சுவர். பலகைத் தரை. மாடியிலிருந்த அவர்கள் கல்யாணக் கட்டிலைக் கழற்றி இறக்கி மறுபடி பூட்டியிருந்தாள். இரண்டு தலையணை. ஒன்றின் பக்கத்தில் அவளுடைய மூக்குக்கண்ணாடி.

கிளிஃப் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீ எதுக்கு இங்க? மேல்பக்கம் கணப்பு இருக்குல்ல, அங்க படு."

"ஒத்தை மாட்டைக் கட்டினா விடிய விடியக் கத்தும்," என்றாள் பெரில். "என்னால தூங்க முடியாது."

அவன் கை சக்கரத்தை விட்டது.